ஓயாத கை

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு டூர்பில்லான் செய்தேன். சட்டைப்பைக் கடிகாரத்துக்குள் விரல்நுனி அளவில் சுழல்வதைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிய பிளாஸ்டிக் மாதிரி. இயற்பியல் துறைத் தோழி பாகங்களை முப்பரிமாண அச்சில் எடுத்துத் தந்தார். "தமிழ் சொல்லித்தர்ற உனக்கு இது எதுக்கு?" என்றார் கணவர். சாப்பாட்டு மேசையில் பாதியைப் பன்னிரண்டு நாள் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

முறுக்கிய சுருள்வில் ஒரே மூச்சில் அவிழத்தான் பார்க்கும். அதைத் தடுத்து, பல் பல்லாக எண்ணி விடுவது நங்கூரம் போன்ற ஒரு சின்ன நெம்புகோல். இப்படியும் அப்படியும் ஊசலாடும் சமன்சக்கரம் அதற்குத் தாளம் சொல்கிறது. சாதாரணக் கடிகாரத்தில் இவை ஓரிடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். டூர்பில்லானில் இவற்றை ஒரு கூண்டில் வைத்து, கூண்டையே சுற்றவிடுகிறார்கள். பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சுற்று. என் கூண்டு ஆறு நாள் அசையவில்லை. ஒரு பல்லில் இருந்த பிசிரை நகம் தேய்க்கும் அரத்தால் எடுத்தபிறகே சுற்றியது.

ஆப்ரகாம் லூயி பிரெகே 1801இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று ஆண்களின் கடிகாரம் பைக்குள் நாளெல்லாம் நிமிர்ந்தே நிற்கும். சமன்சக்கரத்தின் ஒரு பக்கம் இம்மி கனத்தாலும் புவியீர்ப்பு அதை ஒரே திசையில் இழுத்து நேரத்தைப் பிசகவைக்கும். கூண்டு சுற்றினால் அந்தப் பிழை எல்லாத் திசைக்கும் பரவி ஈடாகிவிடும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"ஒரே மாதிரி நிக்கிறதுக்குத்தானே இவ்வளவு பாடு? கையில கட்டினா அதுவே எல்லாப் பக்கமும் திரும்பிடாதா?" என்றாள்.

கடிகார வல்லுநர்கள் பலர் சொல்வதும் அதுதான்: அசையும் மணிக்கட்டில் டூர்பில்லானுக்கு அதிக வேலையில்லை. முதல் உலகப் போர் வரை ஐரோப்பாவில் கைக்கடிகாரம் பெரும்பாலும் பெண்களின் நகை. இதே பிரெகேயிடம் 1810இல் நேப்பிள்ஸ் அரசி கரோலின் முரா ஒரு கைக்கடிகாரம் செய்யச் சொன்னார். 1812இல் அது முடிந்தது. பிரெகேயின் பதிவேட்டில் அதன் விவரம் இருக்கிறது. கடிகாரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அம்மாவின் கை மாவாட்டியது, துணி பிழிந்தது, விடைத்தாள் திருத்தியது. எல்லாத் திசையிலும் திரும்பியது. அந்தக் கையைப் போற்றிக் கவிதை எழுதலாம், எழுதியும் இருக்கிறேன். இப்போது மனம் வரவில்லை. கை ஓயாதிருப்பது கடிகாரத்துக்கு நல்லது. கைக்கு?

என் பாதி மேசையில் அம்மாவை உட்காரவைத்துச் சாவி கொடுக்கச் சொன்னேன். கூண்டு சுழன்றது. அடுப்பில் பால் இருப்பது நினைவு வந்து எழுந்தாள். தோளைத் தொட்டு உட்காரவைத்தேன். அடுப்பை அணைக்கக் கணவர் போனார். சுருள்வில் முழுதும் அவிழும்வரை அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை கொடுக்கவா?" என்று கேட்டாள்.