எத்தனை சுத்து?

பரீட்சைக்கு முந்தின ராத்திரி யூடியூப் பார்த்தே பாஸ் பண்ணினவங்க நம்ம காலேஜ்ல நிறைய பேர். நானும் உங்க கட்சிதான். ஆனா அதே யூடியூப் பார்த்து ஒரு மோட்டாரை எரிச்ச ஆள் அநேகமா நான் மட்டும்தான்.

கடமலைக்குண்டுல என் மாமா மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கார். மூல வைகைக் கரை ஊர்தான். ஆனா ஆத்துல தண்ணி ஓடுற நாளைவிட கிணத்துல இருந்து ஏத்துற நாள்தான் அதிகம். கடைக்கு வேலை குறையாது. போன லீவுல வேலை பழகப் போனேன்.

மாமா ஒரு கல்யாணத்துக்காக ரெண்டு நாள் வெளியூர் போயிருந்தப்ப, ஒரு 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார் வந்துச்சு. காயில் கருகியிருந்தது. 'நாமதான் ட்ரிபிள் ஈ ஆச்சே'ங்கிற தைரியம் எனக்கு. யூடியூப்ல ஒருத்தர் 5 எச்.பி.க்கு எத்தனை சுத்து, என்ன கேஜ் கம்பின்னு தெளிவா சொல்லியிருந்தார். பழைய காயிலை வெட்டிப் பழைய இரும்புல போட்டுட்டு, அவர் சொன்னபடியே கட்டினேன்.

தோட்டத்துல மாட்டின அரை மணி நேரத்துல புகை. தோட்டக்காரர் திட்டல. "தென்னங்கன்னுக்கு எப்ப தம்பி தண்ணி பாய்ச்சலாம்?"னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

மாமா வந்ததும் ஒரே கேள்விதான். "மாப்ள, பழைய சுத்தை எண்ணுனியா?"

எண்ணலை. வீடியோவுல இருந்த மோட்டாரும் 5 எச்.பி.தான், ஆனா அதோட கோர் நீளம். நம்மகிட்ட வந்தது குட்டைக் கோர், அதுக்குச் சுத்து அதிகம் வேணும். சுத்து குறைஞ்சா கரண்ட் அதிகமா இழுக்கும், சூடாகும், எரியும். இதையே ஈ.எம்.எஃப். சமன்பாடா எழுதி நான் மார்க் வாங்கியிருக்கேன்!

மாமாவும் போனைத்தான் எடுத்தார். மெக்கானிக்குகளோட வாட்ஸ்அப் குரூப். ஆனா "5 எச்.பி.க்கு எத்தனை சுத்து?"ன்னு கேட்கல. கோர் நீளம், உள்விட்டம், ஸ்லாட் எண்ணிக்கை எல்லாம் அளந்து, நேம் பிளேட்டைப் போட்டோ எடுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்துல ஒருத்தர் தன் நோட்டுப் பக்கத்தையே அனுப்பிட்டார். கட்டி முடிச்சு, டாங் டெஸ்டர் வச்சுப் பார்த்து, எத்தனை ஆம்ஸ் எடுக்குதுன்னு குரூப்ல திருப்பிப் போட்டார் மாமா. "கேட்டதோட போயிட்டா அது கடன் மாப்ள."

மென்பொருள் உலகத்துலயும் இப்படிக் கடன் தீர்க்கிறவங்க உண்டு. 2012 ஜனவரியில தொடங்கின 'கணியம்' மின்னிதழைப் பாருங்க. கட்டற்ற மென்பொருள் பத்தித் தனக்குத் தெரிஞ்சதைத் தமிழ்ல எழுதி, யார் வேணா பகிரலாம்னு விட்டுடறாங்க. நித்யா துரைசாமி எழுதின 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' அப்படி வந்த இலவச மின்னூல்தான்.

அதனால இன்டர்ன்ஷிப் போறவங்களுக்கு ரெண்டே விஷயம். வீடியோவைத் தொடுறதுக்கு முன்னாடி உங்க முன்னாடி இருக்கிறதை அளந்து எழுதிக்கோங்க. பதில் கிடைச்சா, என்ன ஆச்சுன்னு திருப்பிச் சொல்லுங்க.

வாட்ஸ்அப்ல ஒரு சிக்கல்: பத்து நாள்ல அந்தப் பதில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில புதைஞ்சிடும். அதான் மாமாவோட நோட்டை இப்ப கூகுள் ஷீட்ல ஏத்திட்டு இருக்கேன். முதல் வரியில இருக்கிறது, நான் எரிச்ச மோட்டார்.