வரைந்தவன் நின்ற இடம்

ஸ்கைரிம் ஆடியவர்களிடம் அந்த உலகத்தைப் பற்றிக் கேட்டால் டிராகனில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது பழுப்பேறிய காகிதங்கள். 2011இல் வந்த அந்த கேமில் மொத்தம் 11 புதையல் வரைபடங்கள். கையால் கிறுக்கிய படம்: ஆறு, பாறை, மரம், ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

மற்ற க்வெஸ்டுகளுக்கெல்லாம் திரையின் மேலே திசைகாட்டியில் அம்புக்குறி வந்துவிடும். அந்தப் பக்கமா நடந்தால் போதும். இந்த வரிசையில் எப்போதும் இப்படி இல்லை. 2002இல் வந்த மாரோவிண்டில் ஆட்கள் வாயால் வழி சொல்வார்கள்; அது குறிப்பேட்டில் பதிவாகும்; நாம்தான் படித்துத் தேட வேண்டும். வழி தவறி மணிக்கணக்கில் அலையலாம். 2006இல் ஆப்ளிவியன் அம்புக்குறியைக் கொண்டுவந்தது. அலைச்சல் போயிற்று. கூடவே, நடக்கிற இடத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமும் போயிற்று.

புதையல் வரைபடத்துக்கு மட்டும் ஸ்கைரிமிலும் அம்புக்குறி கிடையாது. சில வரைபடங்கள் வானத்திலிருந்து பார்த்து வரைந்தவையும் அல்ல. யாரோ ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்டதை வரைந்தவை. அதனால் புதையலுக்கு முன்னால் அந்த ஆள் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கணும். காகிதத்தில் பாறை வலப்பக்கம் இருக்கு, நமக்கு இடப்பக்கம் தெரியுதா? அப்ப எதிர்க்கரையில் நிற்கிறோம். ஆற்றைக் கடந்து, கொஞ்சம் மேடேறித் திரும்பினால் எல்லாம் சட்டென்று பொருந்திவிடும். முன்பின் தெரியாத ஒருவனின் கண்ணால் ஒரு நிமிடம் பார்த்திருப்போம்.

அவர்களில் பலரை நாம் சந்திப்பதே இல்லை. லக்கி லொரன்ஸ் என்று ஒருவன். குடிசைமேல் மரம் விழுந்து செத்துக்கிடப்பான். பெயரிலேயே அதிர்ஷ்டம். அவன் உடலைச் சோதித்தால் ஒரு வரைபடம். போக நினைத்து, போகாமலே முடிந்த பயணம். அதை நாம் போய்வருகிறோம்.

பெட்டியில் கொஞ்சம் பொற்காசு, சில கற்கள், ஏதாவது ஆயுதம் இருக்கும். அதற்குள் நம் பையில் அதைவிட நல்லதே சேர்ந்திருக்கும். என் தம்பி இணையத்தில் இடத்தைப் பார்த்துப் பார்த்து 11 பெட்டியையும் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டான். எது எங்கே இருந்தது என்று கேட்டால் யோசிக்கிறான். நான் தேடி எடுத்தவை நாலுதான். ஆனால் பேனா கொடுத்தால் அந்த நாலு இடத்தையும் இப்பவே வரைந்து காட்டுவேன்.