முதல் ரூபாய் யாருடையது?



சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் நம் தாயார் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மதுரையிலுள்ள ஒரு மருத்துவமனையில் பதினேழு நாட்கள் கிடந்தார்கள். இரவில் பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். நாம் கீழ்த்தள வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருப்போம். துணைக்கு மேலே நம் தங்கை இருப்பார்.

ஓரிரவு தங்கை அசதியில் உறங்கிவிட்டார். ஃபஜ்ருக்குச் சற்று முன்பு தாயார் விழித்து, கையில் ஊசி ஏறியிருக்க, எழவும் முடியாமல், "மண்ணு, மண்ணு" என்று கேட்டிருக்கிறார்கள். பணியிலிருந்த செவிலியர் கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். வலி மருந்தின் மயக்கத்தில் பாட்டி பிதற்றுகிறார் என்றே முதலில் எண்ணியிருக்கிறார். தொழுகைக்கு ஒளூ செய்ய இயலாதபோது தயம்மும் செய்வதற்காக மண் கேட்கிறார் என்று விளங்கியதும், வராந்தாப் பூந்தொட்டியின் காய்ந்த மண்ணைக் கையால் உதிர்த்து, ஒரு தட்டில் பரப்பிக் கொண்டுவந்திருக்கிறார். முந்தானை நழுவாமல் தலையை மூடிவிட்டு, தொழுது முடிக்கும்வரை திரையை இழுத்து மறைத்து நின்றிருக்கிறார்.

காலையில் நாம் மேலே சென்றபோது தாயார் இதைச் சொல்லி அந்தப் பெண்ணுக்காக நெடுநேரம் துஆ செய்தார்கள். பிறகு நம்மைப் பார்த்து, "நம்ம புள்ளைக ஒண்ணுகூட இந்த வேலைக்கு வரலையாத்தா?" என்று கேட்டார்கள்.

நம்மால் பதில் சொல்ல இயலவில்லை. ஏனெனில், ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவி ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு தம் அத்தாவுடன் மதரஸாவுக்கு வந்து, நர்சிங் படிக்கலாமா என்று கேட்டார். இரவுப் பணி, அந்நிய ஆண்கள், நாளை நிக்காஹ் பேசும்போது வரும் கேள்விகள் என்று நாம் அடுக்கினோம். ஆசிரியப் பயிற்சி பாருங்களேன் என்றோம். அதற்கும் வீட்டில் வசதியில்லை. அந்தப் பிள்ளை எதையும் படிக்கவில்லை. மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வந்தவர்களுக்கு நாம் கொடுத்தது ஊர்ப் பேச்சைத்தான். கிதாபைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திறந்திருந்தால் அதில் இருந்தவை வேறு. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரழி) அவர்களை, தாம் அருகிலிருந்து நலம் விசாரிக்கும் பொருட்டு, மஸ்ஜிதுந் நபவியிலேயே அமைக்கப்பட்ட கூடாரத்தில் தங்கவைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அங்கே காயமுற்றோரைப் பேணியவர் ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரழி) என்ற பெண்மணி. உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் ஏழு போர்களில் நபியவர்களுடன் சென்று நோயாளிகளைக் கவனித்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்துகிறார்கள். ஊரில் ஒருவரேனும் கற்காவிட்டால் ஊரே பாவத்தில் பங்கேற்கும். அதோடு நில்லாமல், முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்களில்கூட எல்லோரும் ஃபிக்ஹ் படிக்கவே முண்டியடிக்கிறார்களே என்றும் வருந்துகிறார்கள். இவ்வரிகளை மாணவர்களுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறோம். நம்மைப் போன்றவர்களைப் பார்த்துச் சொன்னது என்று ஒருமுறையும் தோன்றவில்லை.

இந்த ஆண்டு வேறொரு பிள்ளை வந்தார். அத்தா மௌத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தாயார் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடித்துச் சுருட்டும் வேலைக்குப் போகிறார். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் விசைத்தறியில் மருத்துவத் துணி நெய்யும் ஊர்கள். அங்கே நெய்யும் துணி வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் போகிறது. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் தீப்பிடித்தால், வெந்த உடலைச் சுற்றுவது இதே வட்டாரத்தார் நெய்த துணியாகவும் இருக்கலாம். சுற்றும் கை நம் மஹல்லாவுடையதாக இருந்ததாக நமக்கு நினைவில்லை.

"ஹஜ்ரத், மார்க் இருக்கு. சீட்டும் கிடைக்கும்ங்கறாங்க. பீஸுக்குத்தான் வழியில்ல" என்றார் அந்தத் தாய். இம்முறை நாம் இரவுப் பணியைப் பற்றிப் பேசவில்லை. கணக்குப் பார்க்கத் தொடங்கினோம். அந்தக் கணக்கில் கண்டதைத்தான் இங்கே எழுத வந்தோம்.

நம் மாவட்டத்தில் மருத்துவக் கல்வி எப்படி வந்தது? விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளுள் ஒன்று. 11 கல்லூரிகளுக்கும் ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய். அதில் சுமார் 2,145 கோடி ஒன்றிய அரசு கொடுத்தது, மீதி மாநில அரசு. இத்திட்டத்தின் விதியே அப்படி: பொதுவாக மாநிலங்களில் அறுபதுக்கு நாற்பது. மாநிலம் தன் நாற்பதை எடுத்து வைக்க முன்வராவிட்டால் அறுபது வராது. பிறகு 2023 ஏப்ரலில், 2014க்குப் பின் வந்த அத்தகைய கல்லூரிகளை ஒட்டி நாடெங்கும் 157 செவிலியர் கல்லூரிகள் அமைக்க ஒன்றிய அமைச்சரவை 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. கல்லூரிக்குப் பத்துக் கோடி. ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 செவிலியர் பட்டதாரிகள் உருவாக வேண்டும் என்பது இலக்கு. உலகில் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2022இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒரு மருத்துவமனை செவிலியர் கல்விக்கு ஒரு டாலர் கொடுத்தால் அரசும் அதற்கு ஈடாக ஒரு டாலர் கொடுக்கும். நம்மூரில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1997இல் தொடங்கி, 2021இல் மீண்டும் உயிர்பெற்ற 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊரார் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும்.

நம் சமுதாயத்துக்கென்றே ஒன்று உண்டு. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இயங்குகிறது. 2007 முதல் வந்த ஏற்பாடு. கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், முதிய பெண்கள் ஆகியோருக்காகச் சங்கம் நன்கொடை திரட்டினால் அரசு அதற்கு இணை மானியம் தரும். தொடக்கத்தில் ஒன்றுக்கு ஒன்று. பின்னர் ஒன்றுக்கு இரண்டாக, ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை என உயர்த்தினார்கள். நாம் ஒரு ரூபாய் வைத்தால் அரசு இரண்டு வைக்கிறது. ஜும்ஆ பயானில் இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். ஒருமுறைகூட இல்லை.

இத்திட்டங்கள் அனைத்திலும் பொதுப்பணம் தானாக நடந்து வருவதில்லை. எவரேனும் முதல் ரூபாயை வைத்த இடத்துக்குத்தான் வருகிறது. வசதியுள்ள ஊர் முதலில் வைத்துவிடும். இல்லாத ஊர் அரசைக் குறை சொல்லிக் கொண்டிருக்கும். இது இத்தகைய திட்டங்களின் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் மஹல்லாக்களில் பணம் இல்லையென்று சொல்ல நமக்கு நாவு எழவில்லை. ரமலானில் வாசலில் வரிசையாக நிற்போருக்கு ஐம்பதும் நூறுமாக நாம் பிரித்துக் கொடுப்பதை ஓரிடத்தில் கூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜகாத்தை இதற்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி உடனே வந்தது. வர வேண்டிய கேள்விதான். ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேற, தகுதியுள்ளவரின் கையில் அது உடைமையாகச் சேர வேண்டும். தம்லீக் என்று ஓதியிருப்போம். ஆகவே வகுப்பறை கட்ட, விடுதி கட்ட, 'நமக்கு நாமே' திட்டத்தின் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்த ஜகாத் ஆகாது. மகளிர் சங்கத்தின் பொது நிதிக்கும் அதைக் கொடுக்காமல் இருப்பதே பேணுதல். இவற்றுக்கெல்லாம் லில்லாஹ்வும் ஸதகாவும் போக வேண்டும். ஏழைத் தாயின் பிள்ளைக்குக் கட்டணத்துக்கான தொகையை ஜகாத்திலிருந்து அவள் கையிலேயே கொடுக்கலாம். அவள் தன் பணமாகக் கல்லூரியில் கட்டிக்கொள்வாள்.

கணக்கு இப்படி அமைந்தது. பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர். ஆகவே கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அரசு இடங்களுக்கான கலந்தாய்வில் முஸ்லிம்களுக்குரிய 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2007 முதல் நமக்குள்ள உரிமை. தாயார் கணவரை இழந்தவர் என்பதால் மகளிர் சங்கத்தில் சிறுதொழில் உதவி கேட்டு மனு. மீதியைப் பைத்துல்மால் நான்கு ஆண்டுகள் தாங்க வேண்டும்.

இஷாவுக்குப் பிறகு நிர்வாகக் குழு கூடியது. இரவுப் பணிக் கேள்வி வந்தது. நாம் பத்தாண்டுக்கு முன் சொன்ன அதே சொற்கள், இன்னொருவர் வாயில். "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பிரசவம்னா லேடி நர்ஸ்தான் வேணும்னு கேக்குறோமே அண்ணே, அந்த லேடி யாரு வீட்டுல இருந்து வரணும்?" என்று பொருளாளர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். இரண்டாவதாக வந்த கேள்விக்கு எவரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கே நான்கு ஆண்டுகள் கொடுத்தால், ரமலானில் கை நீட்டும் விதவைகளுக்கு என்ன சொல்வது? கேட்டவர் வயதானவர், கையில் கிடைப்பதில் பாதியை வாரிக்கொடுப்பவர். அவருக்கு நேரான விடை நம்மிடம் இன்றுமில்லை. ஜகாத் தொகையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மட்டும் எழுதி வைத்தோம். (ஆண் பிள்ளைகளும் இப்படிப்புக்கு வரலாமே, நமக்கும் வயதாகிறதே என்றார் மற்றொருவர். அதுவும் குறிப்பேட்டில் ஏறியது.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜமாஅத்தின் செயலாளர் நம் நண்பர். பால்கோவாக் கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "நீங்க எவ்வளவு போடுறீங்களோ அதே அளவு நாங்களும் போடுறோம் ஹஜ்ரத். ஆனா வருஷத்துக்கு ரெண்டு பிள்ளை. ஒண்ணு உங்க ஊரு, ஒண்ணு எங்க ஊரு. சம்மதமா?" பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களும் கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் தவிர வேறு எதற்கும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய பெரும் மருத்துவமனையை ஒரு வக்ஃபின் வருமானம் நூற்றாண்டுகள் தாங்கியது என்று நாம் பெருமையாகப் பாடம் நடத்துவோம். பால்கோவாக் கடைக் கணக்கரிடம் அந்த நிர்வாகப் புத்தி இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

சம்மதித்தோம். அப்படியானால் நம் பங்கை இந்த மாதத்துக்குள் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பயானில் அறிவித்தோம். பெண்கள் பகுதிக்கும் ஒலிபெருக்கி உண்டு.

அன்று அஸருக்குப் பிறகு மதரஸா வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பத்தாண்டுக்கு முன் நாம் திருப்பி அனுப்பிய அதே மாணவி. வீட்டில் தையல் தைக்கிறார். நாம் அன்று சொன்னதைப் பற்றி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். "அதெல்லாம் இருக்கட்டும் ஹஜ்ரத்" என்று கைப்பையிலிருந்து 2,000 ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார். ஜகாத்தா, லில்லாஹ்வா என்று கேட்டோம். "லில்லாஹ்."

புதிய ரசீதுப் புத்தகம். முதல் தாளைத் திருப்பிப் பெயர் எழுதப் போனபோது தடுத்தார்.

"என் பேரு வேணாம் ஹஜ்ரத். மக பேருல எழுதுங்க."

மகளுக்கு ஏழு வயது. நம் மக்தபில் யஸ்ஸர்னல் குர்ஆன் ஓதுகிறாள்.