போருக்கு மூன்று தேதி

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் வயதுக்காரர் ஒருவரை நடுராத்திரியில் எழுப்பி "1515?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே "மரிஞான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இத்தாலியில் மிலான் நகரத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா, சுவிஸ் படையை வென்ற இடம் அது. எதற்காக அந்தச் சண்டை, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆண்டும் ஊர்ப்பெயரும் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வினாடி வினா எனக்குப் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறாண்டுப் போர் எத்தனை ஆண்டு நடந்தது? 116 ஆண்டு. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி எந்த மாதத்தில் நடந்தது? இன்றைய நாட்காட்டிப்படி நவம்பரில். உலகத்திலேயே மிகக் குறுகிய போர் எது? 1896-ல் பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்தது, ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இப்படிப்பட்ட கேள்விகள் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் வெற்றிலை பாக்கு மாதிரி. நம் வயதில் மூளை துருப்பிடிக்காமல் இருக்கவும் உதவும்.

ஒரு கேள்வியில் மட்டும் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. "இந்தப் போர் எந்தத் தேதியில் முடிந்தது?" போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகங்களில் நான்கு விடை கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லியிருப்பார்கள். போர் அப்படி ஒரு தேதியில் முடிவதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எந்த ஜி.ஓ.வுக்கும் மூன்று தேதி உண்டு. கையெழுத்தான தேதி ஒன்று, அமலுக்கு வரும் தேதி ஒன்று, நம் அலுவலகத் தபால் பதிவேட்டில் ஏறிய தேதி ஒன்று. அகவிலைப்படி ஆணை மார்ச்சில் கையெழுத்தாகும், ஜனவரியிலிருந்து அமல் என்று இருக்கும், நம் கைக்கு வரும்போது மே மாதம் ஆகியிருக்கும். நடுவில் உள்ளதை அரியர்ஸ் என்று போட்டுக் கொடுத்துவிடுவோம். போருக்கும் இதே மூன்று தேதிகள் உண்டு. ஆனால் நடுவில் செத்தவனுக்கு அரியர்ஸ் போட முடியாது.

முதல் உலகப் போரை எடுத்துக்கொள்வோம். 1918 நவம்பர் 11 என்று டிக் அடித்தால் முழு மதிப்பெண். அன்று விடிகாலை 5 மணி தாண்டிச் சிறிது நேரத்தில், பிரான்சில் கோம்பியேன் காட்டில் நின்றிருந்த ரயில் பெட்டி ஒன்றில், மார்ஷல் ஃபோஷ் முன்னிலையில் ஜெர்மானியர் கையெழுத்திட்டார்கள். அமலுக்கு வரும் நேரம் காலை 11 மணி. போர்முனை முழுவதுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டுமல்லவா, அதற்காக இந்த இடைவெளி. கையெழுத்தான பிறகும் துப்பாக்கிகள் ஓயவில்லை. அந்தக் கடைசி நாளில் மட்டும் எல்லாத் தரப்பிலுமாகச் சுமார் 2,700 பேர் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஒகுஸ்தேன் த்ரெபுஷோன். லோசேர் பகுதியில் ஆடு மேய்த்தவர். போரின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, படையில் செய்தி கொண்டுபோகும் வேலையில் இருந்தவர். மியூஸ் ஆற்றங்கரையில், 11 மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது குண்டு பட்டு விழுந்தார். அவர் கொண்டுபோன செய்தி, 11.30 மணிக்குச் சாப்பாட்டுக்குக் கூட வேண்டும் என்பது. போரில் இறந்த கடைசிப் பிரெஞ்சு வீரர் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் கல்லறையில் பொறித்திருக்கும் தேதி நவம்பர் 10. போர் முடிந்த நாளில் ஒருவர் செத்தார் என்று எழுத யாருக்கோ கை வரவில்லை. பதிவேடுகளோடு வாழ்ந்த எனக்கு, இந்த ஒரு நாள் மாற்றம் பெரிய பெரிய போர்க்களக் கணக்குகளைவிட அதிகம் உறுத்துகிறது.

அன்றோடும் முடியவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்குக்குச் செய்தி எட்டவே இரண்டு மூன்று நாள் ஆனது. இன்றைய சாம்பியாவில் உள்ள அபெர்கோர்ன் என்ற ஊரில் அவர் ஆயுதங்களை ஒப்படைத்தது நவம்பர் 25-ல். கோம்பியேனில் கையெழுத்தானது போர்நிறுத்தம்தான். சமாதான ஒப்பந்தம் வெர்சாயில் 1919 ஜூன் 28-ல் கையெழுத்தாகி, 1920 ஜனவரி 10-ல் அமலுக்கு வந்தது. பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த வெற்றிப் பதக்கத்தில் 1914-1919 என்று இருக்கிறது. நம் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில் 1914-1918 என்று இருக்கிறது. ஒரே போர்தான். மாலை நடைக்குப் போகும்போது அந்தக் கல்லைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்து சேரும் தேதிக்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று எங்கே நடந்தது என்று கேட்டால் எல்லோரும் அமெரிக்க ஊர் எதையாவது சொல்வார்கள். அது நடந்தது கடலூரில்! அமெரிக்கர்களுக்குத் துணையாகப் போரில் இறங்கிய பிரான்சு, ஆங்கிலேயரை இங்கேயும் எதிர்த்தது. 1783 ஜூன் மாதம் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை ஆங்கிலப் படை முற்றுகையிட்டது. 20-ம் தேதி கடலில் சுஃப்ரேனின் கப்பல்களும் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹியூஸின் கப்பல்களும் மோதின. 25-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கித் தோற்றுத் திரும்பினார்கள். அந்த மாதக் கடைசியில்தான் கப்பலில் செய்தி வந்தது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பூர்வாங்க சமாதானம் ஜனவரி 20-ம் தேதியே கையெழுத்தாகிவிட்டது! ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்த சண்டையில், இரண்டு பக்கமும் சிப்பாய்களாக நின்ற நம்மவர்களும் செத்துக்கொண்டிருந்தார்கள். புஸ்ஸி வீதியும் சுஃப்ரேன் வீதியும் நமக்குத் தெரியும். அந்தச் சிப்பாய்கள் பெயரில் வீதி இல்லை.

இரண்டாம் உலகப் போர் இன்னும் சிக்கல். ஜெர்மனி 1945 மே 7 விடிகாலையில் பிரான்சின் ரேம்ஸ் நகரத்தில் சரணடைந்து கையெழுத்திட்டது. மறுநாள் இரவு அமலுக்கு வரும் என்று எழுதினார்கள். ஸ்டாலின் அதை ஏற்காததால் பெர்லினில் மே 8 இரவு மறுபடி ஒரு கையெழுத்து. அப்போது மாஸ்கோவில் தேதி மாறி 9 ஆகியிருந்தது. அதனால் பிரான்சு மே 8-லும் ரஷ்யா மே 9-லும் வெற்றி நாள் கொண்டாடுகின்றன.

அந்த மே 8-ம் தேதிக்கு இன்னொரு முகமும் உண்டு. பள்ளியில் எனக்கு அது பாடமாக வந்ததில்லை. அன்றைக்கு அல்ஜீரியாவில் செத்தீஃப் என்ற ஊரில் வெற்றி ஊர்வலம் போனது. அதில் அல்ஜீரியர்கள் தங்கள் கொடியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் சுட்டது. பதிலுக்கு நடந்த கலவரத்தில் ஐரோப்பியர் சுமார் 100 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வந்த அடக்குமுறையில் அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பாரிசில் போர் முடிந்த நாள், செத்தீஃபில் வேறொன்று தொடங்கிய நாள்.

ஆசியாவில் ஜப்பான் சக்கரவர்த்தி வானொலியில் பேசியது ஆகஸ்ட் 15. டோக்கியோ விரிகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் மிசௌரியில் கையெழுத்தானது செப்டம்பர் 2. ஆனால் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக் காட்டில் இருந்த ஹிரூ ஓனோடா என்ற ஜப்பானிய அதிகாரிக்கு அந்த ஆணை 'கிடைத்தது' 1974 மார்ச்சில். விமானத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் போட்டுப் பார்த்தார்கள். எதிரியின் சூழ்ச்சி என்று அவர் நம்பவில்லை. மேலதிகாரி சொன்னால்தான் வருவேன் என்றார். கடைசியில் அவருடைய பழைய மேஜரையே ஜப்பானிலிருந்து கூட்டிவந்து ஆணையை வாசிக்க வைத்தார்கள். ஓனோடாவின் கடமை உணர்வைப் புகழ்ந்து எழுதுபவர்கள் உண்டு. இல்லாத போருக்காக அந்தத் தீவில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் கொன்ற ஏழை விவசாயிகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மூன்று தேதியும் வராத போர்களும் உண்டு. நான் முதலில் சொன்ன நூறாண்டுப் போர் 1453-ல் கஸ்தியோன் சண்டையோடு முடிந்தது என்கிறோம். அன்று யாரும் எதிலும் கையெழுத்திடவில்லை. கலே துறைமுகம் 1558 வரை ஆங்கிலேயர் கையில் இருந்தது. இங்கிலாந்து அரசர்கள் 'பிரான்சின் அரசர்' என்ற பட்டத்தை 1801-ல்தான் கைவிட்டார்கள். கொரியாவில் 1953 ஜூலை 27-ல் போர்நிறுத்தம் மட்டும் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

நம் புதுச்சேரியில் பெரிய போர் எதுவும் இல்லாமல் ஆட்சி மாறியது, நம் அதிர்ஷ்டம். ஆனாலும் மூன்று தேதி நமக்கும் வந்தது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்து, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது. 1956 மே 28-ல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுக்க 1962 ஆகிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான் அல்ஜீரியாவும் விடுதலை பெற்றது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி நாம் இந்தியர் ஆனோம். நடுவில் இருந்த எட்டு ஆண்டும் இந்திய நிர்வாகத்தில் வாழ்ந்துகொண்டு, சட்டப்படி பிரெஞ்சுக் குடிகளாக இருந்தோம்.

இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால், அந்த ஆகஸ்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரியப்பா இந்தோசீனாவில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா. அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. இருவரும் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பல நாள் பேசினார்கள். சண்டை இல்லை. "உன் பிள்ளைகளுக்கு யோசிச்சுக்கோடா" என்று பெரியப்பா சொன்னதும், "யோசிச்சுத்தாண்ணா இருக்கேன்" என்று அப்பா சொன்னதும் நினைவிருக்கிறது. கெடு தாண்டியபோது ஒரே வீட்டில் இரண்டு நாடு. பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். நான் இங்கே கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றேன். இதில் எது லாபம், எது நஷ்டம் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் "புதுச்சேரி விடுதலை நாள் எது?" என்ற கேள்விக்கு நவம்பர் 1 என்று டிக் அடிக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டுக்கு அந்தத் தேதி வந்தது அதன் பிறகு எட்டு ஆண்டு கழித்துத்தான் என்று தோன்றும்.

அதற்காக வினாடி வினாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பேரப்பிள்ளைகளிடம் தாராளமாகக் கேளுங்கள். தேதியைச் சரியாகச் சொன்னால் பாராட்டுங்கள், சாக்லேட்டும் கொடுங்கள். அதோடு விடாமல், "யாருக்கு முடிந்தது?" என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள். அதற்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்காது. கொஞ்சம் யோசிப்பார்கள், அது போதும்.

1962-ல் உங்கள் வீட்டுத் திண்ணையில் என்ன பேசினார்கள்? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். நம்மோடு போய்விடக்கூடிய விஷயங்கள் இவை.