உம்மா பின்னிய தொப்பி

நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது. புலவன் நூல் இயற்றுவதைப் பஞ்சினின்று இழை நூற்பதனோடு நன்னூலார் பொருத்திக் காட்டும் இடத்தை ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்க்கு நடத்தி வருகிறேன். ஆயினும் இழையாகிய நூலைக் கையில் எடுத்தறியாதவன் நான். அதனை அறிந்தவர், எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்த என் உம்மா.

ரமலான் நெருங்கினால் மதரஸாப் பிள்ளைகளுக்கு வெள்ளை நூலில் தொப்பி பின்னுவது உம்மாவின் வழக்கம். குரோஷா ஊசியின் கொக்கி நுழைந்து வெளிவரும் விரைவைக் கண்ணால் பின்தொடர இயலாது. வாப்பா வஃபாத்தானபின் இத்தாவிலிருந்த நான்கு மாதம் பத்து நாளும் அவருக்கு அவ்வூசியே துணையாயிற்று. ஜகாத்துக்கு நாற்பதில் ஒன்று என்று கணக்குண்டு, ஸதகாவுக்குக் கணக்கில்லை. "காசு இல்லாட்டி என்ன, கை இருக்குல்ல" என்பார்.

2019ஆம் ஆண்டு என் தங்கை எட்டாம் மாதத்திலேயே ஒரு பெண்மகவை ஈன்றாள். எடை 1,450 கிராம். பிறக்கையில் 2,500 கிராமுக்குக் குறைந்தாலே எடை குறைந்த குழந்தை என்பது மருத்துவர் வழக்கு. அத்தகைய குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடலை நோக்கத் தலை பெரிது. ஆதலின் தலைவழியே வெப்பம் விரைந்து வெளியேறிவிடும். தாயின் வெற்று மார்போடு குழந்தையை அணைத்து வைத்துத் தலைக்குத் தொப்பி அணிவிக்கும் கங்காரு முறையை அங்கே கண்டேன். வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில், 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையொன்றில் தோன்றிய முறை அது. எங்கள் குழந்தைக்குச் செவிலியர் அணிவித்தது, யாரோ கையால் பின்னி அளித்த ஒரு மஞ்சள் தொப்பி. பின்னியவர் பெயர் அவருக்கும் தெரியவில்லை. உம்மா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை தேறி வீடு வந்தபின், பதினைந்தே நாளில் பன்னிரண்டு தொப்பிகளை முடித்து என் கையில் தந்தார். உல்லன் நூல், பூவேலைப்பாடு, உச்சியில் ஒவ்வொரு குஞ்சம். கொண்டு சென்றேன். செவிலியர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அழகா இருக்கு சார். ஆனா போட முடியாது" என்றார். பூவேலையின் துளைகள் வழியே சூடு போய்விடும். நூலின் பிசிறு மூக்கில் ஏறும். குஞ்சம் கழன்றால் ஆபத்து. கொதிநீரில் அலசினால் நூல் தாங்காது. அவர் கூறியவற்றுள் ஒன்றையும் மறுக்க இயலவில்லை.

வீடு திரும்பி, "வாங்கிக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டேன். தொப்பிகள் கல்லூரியில் என் அலமாரிக்குள் சென்றன. உம்மாவின் மனம் நோகாதிருக்கவே பொய்யுரைத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். உண்மையில், அவர் முகத்தை எதிர்கொள்ள அஞ்சினேன்.

அடுத்த பன்னிரண்டும் ஆயத்தமானபோது அச்சமாடம் இடிந்தது. சொன்னேன். உம்மா சினந்துகொண்டார், செவிலியரிடமன்று, என்னிடம். "உதவாததைக் கொடுத்துட்டு ஸதகான்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேனே வாப்பா! ஏன் மறைச்சே?" பேராசிரியர் எனப் பெயர் பெற்ற நான் அன்று விடையின்றி நின்றேன்.

இருபத்துநான்கையும் அவர் அவிழ்த்தார். ஒரு தொப்பியை அவிழ்க்கச் சில நிமிடங்களே போதும் என்பதை அன்றுதான் கண்டேன். அந்த நூலில் தெருக்கோடியில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு ஒரு போர்வை உருவாயிற்று. தொப்பிக்கு மென்மையான பருத்தி நூல் வாங்கி வரப் பணித்தார். பெரிய சாத்துக்குடிப் பழத்தைத் தலையாகக் கொண்டு அளவு பார்த்தார், கண்ணிகளை நெருக்கிப் போட்டார், குஞ்சம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர் அஸர் தொழுகைக்குப்பின் வந்து கற்றுக்கொண்டனர்.

2016இல் சென்னையில் பலர் கூடிப் பின்னிய 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை உலக சாதனையானதை ஒருநாள் படித்துக் காட்டினேன். வியந்து கேட்ட உம்மா, "ஓட்டை விட்டுப் பின்னுனாங்களா, நெருக்கிப் பின்னுனாங்களா?" என்றார்.

இன்றும் பையை நானே கொண்டு செல்கிறேன். திரும்பி வந்தால், வாங்கிக்கொண்டார்களா என்று அவர் கேட்பதில்லை. "இந்தத் தடவ என்ன குறை சொன்னாங்க?" என்றே கேட்கிறார்.