அக்குவாவின் குழந்தை

மனித உள்ளத்தின் ஏக்கங்களுள் மழலைக்கான ஏக்கம் தலையாயது. மொழியாலும் சமயத்தாலும் நிறத்தாலும் வேறுபட்ட மாந்தர் அனைவர்க்கும் அது பொதுவானது. இவ்வுண்மையை எனக்கு ஆழமாக உணர்த்தியது ஒரு மரப்பாவை.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், குமாசி நகரில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய உறவினர் ஒருவரின் இல்லத்தில் அதனைக் கண்டேன். ஏறத்தாழ ஒரு சாண் உயரம். முழுநிலவு போன்ற தட்டையான வட்டத் தலை. அதில் பெரும்பகுதி நெற்றியே. வளைந்த புருவங்களும் சிறிய வாயும் முகத்தின் கீழ்ப்பகுதியில் ஒடுங்கியிருந்தன. கழுத்தில் அடுக்கடுக்காக வளையங்கள், உருளை போன்ற உடல், இருபுறமும் நீட்டிய குட்டைக் கைகள், கால்கள் இல்லை.

"விளையாட்டுப் பொம்மையா?" என்று வினவினேன்.

"இல்லை. பிள்ளைக்கு ஏங்கிய பெண்கள் முதுகில் சுமந்த பொம்மை" என்றார் அவர்.

அசாந்தி மக்கள் இதனை 'அக்குவாபா' என்பர். அக்குவாவின் குழந்தை என்பது அதன் பொருள். அசாந்தியர் உள்ளிட்ட அக்கான் இனத்தாரிடையே பிறந்த கிழமையால் பெயரிடும் வழக்கம் உண்டு. வெள்ளியன்று பிறந்த ஆண்மகன் கோஃபி, ஐ.நா. பொதுச் செயலாளராக விளங்கிய கோஃபி அன்னானின் பெயர் அவ்வாறு அமைந்ததே. புதனன்று பிறந்த பெண் அக்குவா.

முன்னொரு காலத்தில் அக்குவா என்பாள் மகப்பேறின்றி வருந்தினாளாம். அவர்தம் பூசாரி ஒருவர், மரத்தால் ஒரு குழந்தை செய்வித்து அதனை உயிருள்ள மகவாகவே பேணுமாறு கூறினார். அவளும் அதனைத் துணியால் முதுகில் கட்டிச் சுமந்தாள், மணிகள் அணிவித்தாள். கண்ட ஊரார், "பாருங்கள், அக்குவாவின் குழந்தையை!" என்று எள்ளி நகைத்தனர். பின்னர் அவள் ஓர் அழகிய பெண்மகவை ஈன்றாள். நகைத்த பெண்களும் அவள் வழியையே நாடினர் என்று அக்கதை முடிகிறது.

பாவை பெண்ணுருவாய் அமைந்ததற்கு அக்கதை மட்டும் காரணம் அன்று. அசாந்தியர் தாய்வழிக் குடியினர். குலம் தழைப்பது மகளால். அகன்ற நெற்றி அவர்கள் போற்றும் அழகு; கழுத்து வளையங்கள் கொழுவிய உடல்நலத்தின் அடையாளம். அத்தகைய எழில் பிறக்கும் குழந்தைக்கும் வாய்க்கும் என்று நம்பிக் கருவுற்ற மகளிரும் பாவையைப் பேணினர். குழந்தை பிறந்தபின் அதனைக் கோயிலில் ஒப்படைப்பதும், வீட்டுச் சிறுமியர்க்கு விளையாடத் தருவதும் உண்டு.

இறைவன் ஒருவனிடமே கையேந்தும் நமக்கு இவ்வழக்கம் உடன்பாடன்று. ஆயினும் அதன் பின்னுள்ள ஏக்கம் நமக்கு அயலானதும் அன்று. முதுமையில் ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் மகவு வேண்டித் தாழ்ந்த குரலில் இறைவனை அழைத்ததைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது.

என் நெஞ்சைத் தைத்தது அப்பாவையின் பெயரே. அஃது ஊரார் ஏளனமாகச் சொன்ன சொல். அச்சொல்லைக் கேட்டதும் என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு மகப்பேறு இல்லை. தொட்டில் கட்டும் வீடுகளில் அவரை முன்னே அழைக்கமாட்டார்கள். என் தாய் நோயுற்றிருந்த நாள்களில் அவரே என்னை வளர்த்தார். என்னை இடுப்பில் ஏந்தி அவர் தெருவில் செல்லும்போது, "இரவல் பிள்ளை போகிறது" என்பார்களாம். இதனை அவர் ஒருநாளும் என்னிடம் கூறியதில்லை; அவர் மறைந்த பிறகு என் தாய் கூறித்தான் அறிந்தேன்.

அக்குவாவிற்கு மகள் பிறந்தாள். என் பெரியம்மாவின் இறைஞ்சல் அவ்வாறு நிறைவேறவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நெடுநேரம் ஏந்தியிருந்த அவருடைய கைகளை நான் பார்த்திருக்கிறேன். இறைவன் நாடியதை நாம் அறியோம். நகைத்தவர்களோ நம்மைப் போன்ற மனிதர்கள். அவர்கள் நாவை அடக்கியிருக்கலாம்.

இன்று அக்குவாபா கானாவின் கடைத்தெருக்களில் சுற்றுலாப் பயணியர்க்கு விலைபோகிறது. ஏளனமாகப் பிறந்த அப்பெயரை அசாந்தியர் பெருமையுடன் வழங்குகின்றனர். எவரேனும் இன்று என்னை 'இரவல் பிள்ளை' என்று அழைத்தால், நானும் தலைநிமிர்ந்து 'ஆம்' என்பேன்.