பொருளைச் சற்றே தள்ளிவைப்போம்

செய்யுள் நடத்தும் முறை ஒன்று நம் தமிழ் வகுப்புகளில் ஊறிப்போயிருக்கிறது. ஆசிரியர் பாடலைப் படிப்பார், சொற்பொருள் எழுதிப்போடுவார், பொருள் சொல்வார், இலக்கணக்குறிப்பும் நெடுவினா விடையும் தருவார். மணி அடித்துவிடும். மாணவருக்கென்று மிஞ்சுவது ஒரே வேலை, கேட்டதை நினைவில் வைத்துக்கொள்வது. யோசிக்க வேண்டியதையெல்லாம் அவர்களுக்குப் பதிலாக நாமே யோசித்து முடித்துவிடுகிறோம்.

நான் சொற்பொருளை மட்டும் கொடுத்துவிட்டு, பாடலின் பொருளைக் கொஞ்ச நேரம் தள்ளிவைப்பேன். சங்கப் பாடல்கள் இதற்கு மிகவும் இடம் கொடுப்பவை. குறுந்தொகையில் ஒவ்வொரு பாட்டுக்கும் யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்ற கூற்றுக் குறிப்பு உண்டு. அதை மறைத்துவிட்டு ஐந்தாறு அடிகளைக் கரும்பலகையில் எழுதி, பேசுவது யார் என்று கேட்பேன்.

கபிலரின் 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தலைவன் தலைவியோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. அவனே இல்லை என்று சொல்லிவிட்டால் அவள் என்ன செய்வாள்? தினைத்தாள் போன்ற கால்களோடு ஒரு குருகு மட்டும் ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது. பாட்டு அவ்வளவுதான். பேசுவது ஒரு பெண் என்று வகுப்பு விரைவில் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகுதான் நல்ல கேள்விகள் எழும். குருகு பேசாதே, அதைச் சாட்சியாகச் சொல்லி என்ன பயன்? அது மீனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது, இவர்களைப் பார்த்ததா? பயனில்லாத சாட்சி என்றால் அதன் கால் எப்படியிருந்தது என்பது வரை ஏன் சொல்கிறாள்? அன்று நடந்தது அவளுக்கு அத்தனை தெளிவாக நினைவிருக்கிறது என்பார் ஒருவர். அவளிடம் வேறு ஆதாரமே இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது என்பார் இன்னொருவர். நான் இருவரிடமும் கேட்பது ஒன்றுதான்: “எந்த அடியை வைத்துச் சொல்கிறாய்?”

இந்தக் கேள்வி இல்லாவிட்டால் கலந்துரையாடல் வெறும் அரட்டையாகிவிடும். பாட்டில் இல்லாததைச் சொன்னால் அது நிற்காது. பாட்டில் இருப்பதைக் காட்டினால், ஆசிரியர் நினைத்ததற்கு மாறாக இருந்தாலும் அது நிற்கும். மாணவர் இதை உணரும் நாளில் வகுப்பின் முகமே மாறிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை நாம் விரும்பி நடத்துகிறோம். சிந்திக்கப் பழக்குவதற்கு அதற்கு முன்னால் வரும் கொலைக்களக் காதையும் சேர வேண்டும் என்பேன். அரசியின் சிலம்பைத் திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட கோவலனைப் பார்த்த காவலர், இவன் கொலைப்படத் தக்கவன் அல்லன் என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வரின் எட்டுத் துணைகளை அடுக்குகிறான். கள்வனாகத் தெரியாமலிருப்பதே கள்வனின் திறமையாகிவிடுகிறது. ஒரு காவலன், மழைநாள் நள்ளிரவில் தன் வாளைப் பறித்துக்கொண்டு மறைந்த வேறு எவனோ ஒரு திருடனின் கதையைச் சொல்கிறான். அரசன் தண்டிப்பானே என்ற அச்சமும் சேர்கிறது. கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இதில் எங்கே தவறு நடந்தது என்று கேட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளியாக்கும் வாதம், எவனோ செய்ததை இவன்மேல் ஏற்றும் கதை, அச்சத்தில் எடுத்த முடிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, சிலம்பு யாருடையது என்று கோவலனிடம் அந்தக் காவலர் யாரும் கேட்கவே இல்லை. அதன் பிறகு வழக்குரை காதைக்கு வந்தால் அதன் அழகு தானே விளங்கும். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். இரண்டையும் சொல்லிவிட்ட பிறகே சிலம்பு உடைகிறது. எது நடந்தால் யார் சொன்னது உண்மை என்பது முன்னதாகவே தெளிவாகிவிட்டதால், தெறித்த மாணிக்கத்துக்கு எதிராக அரசனால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. கொலைக்களத்தில் நடக்காத விசாரணை இங்கே, காலம் கடந்து, நடக்கிறது.

கைப்பேசியில் வரும் ஒரு செய்தியை நம்பி முன்பின் தெரியாத ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று கூட்டமாக அடித்த கொடுமைகள் நம் காலத்திலும், நம் மாநிலத்திலும் நடந்திருக்கின்றன. பொற்கொல்லனின் வாதத்தில் உள்ள ஓட்டையைப் பதினைந்து வயதில் கண்டுகொண்ட பிள்ளை, அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு கணமாவது நின்று, யார் பார்த்தது என்று கேட்கும் என்று நான் நம்புகிறேன். அதற்காகவே தமிழாசிரியராக இருக்கிறேன்.

பாடம் முடிக்க நேரம் போதாது, தேர்வுக்கு மதிப்பெண் வேண்டும் என்ற கவலை நியாயமானது. ஆனால் இந்த முறை நம் மரபுக்குப் புதிதில்லை. உரையின் கூறுகள் 14 என்று வகுத்த நன்னூல் அவற்றில் வினாவையும் விடையையும் தனித்தனியே வைக்கிறது. பழைய உரையாசிரியர்கள் எதிராளியின் ஐயத்தைத் தாங்களே எழுப்பி, அதற்கு விடை சொல்லித்தான் மேலே செல்கிறார்கள். அந்த வினாவை நாம் மாணவரிடம் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டாம், தனிப் பயிற்சி முகாமும் வேண்டாம். ஒவ்வொரு செய்யுளுக்கும் முதல் பத்து நிமிடம் பொருள் சொல்லாமல் இருங்கள். பேசுவது யார், எதைக் கண்டு பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேளுங்கள். பிள்ளைகள் தட்டுத் தடுமாறிச் சொல்லும் விடைகளுக்குக் காத்திருங்கள். உங்கள் விளக்கம் அதன் பிறகு வரட்டும். அப்போது அதையும் அவர்கள் எடைபோட்டே ஏற்பார்கள்.